கடற்கரை விடுதியும் கரையும் புள்ளிகளும்

சென்ற டிசம்பரில் கோவாவின் கடற்கரை விடுதி ஒன்றில் குடும்பத்துடன் தங்கினோம். பணிப் பயணங்களின்போது அவ்விடுதிக் குழுமத்தின் உறுப்பினராகிச் சேர்த்த புள்ளிகள், தாயாருக்கான தனி அறையின் வாடகைக்குப் போதும் என நம்பியிருந்தோம். வரவேற்பு மேசையில்தான் உண்மை தெரிந்தது. 2 ஆண்டுகளாகக் கணக்கில் வரவும் செலவும் இல்லாததால் புள்ளிகள் காலாவதியாகியிருந்தன. இடைத்தரகு இணையதளத்தில் முன்பதிவு செய்ததால் புதிய புள்ளிகளும் கிடைக்கவில்லை. இரு அறைகளின் முழு வாடகையையும் கையிலிருந்தே செலுத்தினோம். செயலற்ற கணக்குகள் குறித்து வாடிக்கையாளர்களுக்கு நாள்தோறும் நினைவூட்டும் நாங்களே ஏமாந்தோம்!

வங்கியில் 10 ஆண்டுகள் கோரப்படாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டாலும், உரியவர் பின்னரும் அதனைக் கோரிப் பெறலாம். புள்ளிகளுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை, வட்டியும் இல்லை.

எனவே, புள்ளிகளைச் செலவிடுமுன் ஒரு சிறு கணக்கு அவசியம். வரியுடன் ரூ.12,000 வாடகையுள்ள அறைக்கு 20,000 புள்ளிகள் கேட்கப்பட்டால், ஒரு புள்ளியின் மதிப்பு 60 பைசா. வாடகை உயரும் டிசம்பரில் இம்மதிப்பு கூடலாம், மழைக்காலத்தில் குறையலாம். கூடும்போது புள்ளிகளையும், குறையும்போது பணத்தையும் செலவிடுவதே ஆதாயம். முன்பதிவை விடுதியின் சொந்த இணையதளத்திலேயே செய்வது நன்று.

புள்ளிகளும் ஒருவகைச் சேமிப்பே. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அக்கணக்கைத் திறந்து பாருங்கள்.