டைனோ தாள்ல உச்சியைப் பார்க்காதீங்க

ஆர்எக்ஸ் 100-க்கு கம்பெனி சொன்ன சக்தி 7,500 ஆர்பிஎம்-ல 11 குதிரைத்திறன். எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தி வெட்டி, எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டினா டைனோவில் அந்த எண் ஏறும். ஆனா கீழ் ஆர்பிஎம்-ல இழுவை குறைஞ்சிடும். தஞ்சாவூர்ல இருந்து திருவையாறு போனா வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு வரிசையா பாலம். ஒவ்வொண்ணுலயும் வேகம் குறைச்சு மறுபடி இழுக்கணும். அதனால நான் முதல்ல பார்க்கிறது 4,000-லிருந்து 7,000 வரை கோடு எப்படி ஏறுதுன்னுதான்.

இன்னொண்ணு, மெயின் ஜெட். சின்ன ஜெட் போட்டா கலவையில பெட்ரோல் குறையும்; எண் இன்னும் கொஞ்சம் ஏறலாம். டைனோ ஓட்டம் சில நொடிதான். ரோட்டுல முழு த்ராட்டில்ல தொடர்ந்து போனா, பிஸ்டன் சூடேறி சீஸ் ஆகி, பின்சக்கரம் லாக் ஆகிடும். ஜெட்டைக் கொஞ்சம் பெருசாவே வைங்க. அரை குதிரை போனா போகட்டும்.