அமெரிக்க சிடியும் ஆவடி ப்ளேஸ்டேஷனும்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் பரணைத் துழாவினால் பழைய ப்ளேஸ்டேஷன் 2 அகப்படும் வீடுகள் இன்னும் உண்டு. சில வீடுகளில் அது அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சித்தப்பா கொண்டுவந்தது. மற்ற வீடுகளில், மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போய், பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது. வீட்டுக்குப் ப்ளேஸ்டேஷன் 5 வந்ததும் பரண் ஞாபகம் வரும்: அந்த சிடியெல்லாம் இதில் ஓடுமா?

ஓடாது. ப்ளேஸ்டேஷன் 4 டிஸ்க் ஓடும், அது எந்த நாட்டில் வாங்கியதானாலும் சரி. அதற்கு முந்தைய மூன்று தலைமுறை டிஸ்க்குகளையும் புது மெஷின் சீந்தாது.

முன்பு இப்படி இல்லை. 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்த முதல் ப்ளேஸ்டேஷன் 3-க்குள், ப்ளேஸ்டேஷன் 2-இன் இரண்டு முக்கிய சிப்புகளையும் சோனி அப்படியே வைத்திருந்தது. 2007-இல் ஐரோப்பாவுக்கும் நமக்கும் வந்த 60 ஜிபி மாடலில் ஒன்றை எடுத்துவிட்டு, அதன் வேலையை மென்பொருளிடம் கொடுத்தார்கள். சில கேம்கள் திக்கித் திணறின. அதே ஆண்டுக் கடைசியில் வந்த 40 ஜிபி மாடலில் மற்றதும் போயிற்று. எல்லாம் செலவைக் குறைக்கத்தான்.

சித்தப்பா கொண்டுவந்த டிஸ்க்குக்கு இன்னொரு பூட்டும் உண்டு. முதல் ப்ளேஸ்டேஷன் டிஸ்க்கின் உள் ஓரத்தில் தடம் லேசாக நெளிந்து ஓடும். அந்த நெளிவுக்குள் நான்கு ஆங்கில எழுத்துகள் ஒளிந்திருக்கும். கடைசி எழுத்து ஏ என்றால் அமெரிக்கா, ஐ என்றால் ஜப்பான், ஈ என்றால் ஐரோப்பா. நாம் ஐரோப்பாவின் கணக்கில் வருகிறோம்; வேறு எழுத்து இருந்தால் நம் மெஷின் ஏற்காது. சிடி ரைட்டரால் இந்த நெளிவை எழுத முடியாது. டூப்ளிகேட் சிடி போடுகிறவர்கள் மெஷினைத் திறந்து ‘சிப்’ வைத்ததன் ரகசியம் இதுதான்.

ப்ளேஸ்டேஷன் 2 டிஸ்க் என்றால் பூட்டை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். டிஸ்க்கின் மேல் அச்சிட்ட குறியீட்டில் மூன்றாவது எழுத்தைப் பாருங்கள்: யூ அமெரிக்கா, பி ஜப்பான், ஈ நம்முடையது. வேடிக்கை என்னவென்றால், நம்மூர் 60 ஜிபி ப்ளேஸ்டேஷன் 3, அமெரிக்காவில் வாங்கிய ப்ளேஸ்டேஷன் 3 கேமை மறுபேச்சில்லாமல் ஓட்டும். அமெரிக்க ப்ளேஸ்டேஷன் 2 டிஸ்க்கைப் போட்டால் துப்பிவிடும். இது தொழில்நுட்பத்தின் இயலாமை அல்ல, வெறும் வியாபார வேலி.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இதில் எவ்வளவோ மேல். அதன் பட்டியலில் உள்ள எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்கைப் போட்டால், கேம் இணையத்திலிருந்து இறங்கிக்கொள்ளும். டிஸ்க் வெறும் சாவி. டிரைவே இல்லாத சீரிஸ் எஸ் வாங்கினால் அதுவும் கிடையாது.

ஆகவே பழைய மெஷினைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். 2009-இல் இந்தியாவுக்கென்றே வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’, கபடியும் கில்லியும் இருந்த ‘தேசி அட்டா’ டிஸ்க்குகளுக்கும் அதுதான் கதி. புது டிவியில் மாட்ட ஒரு ஏவி–எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் போதும், ரிச்சி தெருவில் கிடைக்கும். அமெரிக்க மெஷினாக இருந்தால் மட்டும் நேரே பிளக்கில் சொருகாதீர்கள். அது 120 வோல்ட், நம் வீட்டு மின்சாரம் 230. முதலில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள்.