நான்கவுரியில் நின்ற எம்டன்: 34 சென்டிமீட்டரில் ஒரு போர்க்கப்பல்

ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பலின் 1/350 அளவு பிளாஸ்டிக் மாதிரிக் கிட்டைக் கட்டி முடித்தால் சுமார் 34 சென்டிமீட்டர் நீளம் வரும். 1908இல் டான்சிக்கில் நீரில் இறக்கப்பட்ட அசல் கப்பலின் நீளம் 118 மீட்டர். மூன்று புகைபோக்கிகள், பத்துப் பீரங்கிகள். கட்டுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த நாளின் எம்டன் என்பதை. அந்தமான் நிக்கோபாரைப் பொறுத்தவரை அந்த நாள் 1914 அக்டோபர் 26. சென்னையைச் சுட்டு ஒரு மாதம் கடந்திருந்தது. பினாங்குத் தாக்குதலுக்கு இரண்டு நாள் இருந்தது. கமோர்ட்டா, நான்கவுரி தீவுகளுக்கு நடுவே உள்ள ஒதுக்கமான துறைமுகத்தில் எம்டன் நிலக்கரி ஏற்றிக்கொண்டது.

பழைய கிட் என்றால் வேலை கழுவுவதில் தொடங்குகிறது. அச்சிலிருந்து ஒட்டி வந்த எண்ணெய்ப் பசை பாகங்களில் இருக்கும். சோப்பு நீரில் அலசாவிட்டால் பெயின்ட் பிடிக்காது. வெப்பத்தில் வளைந்த கப்பலுடலைச் சுடுநீரில் நனைத்து மெல்ல நிமிர்த்தலாம். மஞ்சளித்த டெக்கால் ஒட்டுப்படத் தாளைக் கண்ணாடிச் சன்னலில் ஒட்டி வெயில் படவிட்டால் வெளுக்கும். நொறுங்காமலிருக்க அதன்மேல் தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு வேண்டும். இரண்டு பாதி உடலையும் ஒட்டிய இடுக்கைப் புட்டியால் நிரப்பி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

பீரங்கிகளில் கண் வலிக்கும் வேலை உண்டு. 10.5 சென்டிமீட்டர் வாய், இந்த அளவில் 0.3 மில்லிமீட்டர், குழலின் நீளம் 12 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் குழல் தடித்துத் தெரிவதால் மெல்லிய பித்தளைக் குழலை மாற்றுவது நல்லது. பாய்மரக் கயிறுகளுக்குக் கிட்டின் பிளாஸ்டிக் குச்சியையே மெழுகுவத்திச் சூட்டில் இழுத்து இழையாக்கலாம்.

எம்டனுக்கு நான்காவதாக ஒரு புகைபோக்கியும் உண்டு, அது பொய்யானது. யார்மவுத் என்ற பிரிட்டிஷ் கப்பலைப் போலத் தோன்ற, மரச்சட்டத்தில் கித்தான் கட்டி மாலுமிகள் செய்தது. மெல்லிய தாளில் செய்தால் கித்தானின் சுருக்கம் வரும். மற்ற மூன்றின் வாயிலும் கரி படிந்திருக்கும். இதில் புகை வராததால் கரி பூசக் கூடாது. நான்கவுரியில் அதை ஏற்றாமல் தளத்தில் மடித்து வைத்திருப்பதாகவும் காட்டலாம்.

பெட்டியில் உள்ளபடி பளபளப்பாகக் கட்டி மகிழ்வோரும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் அப்படிக் கட்டிய எம்டன்களில் கரியே இல்லை என்பது பெரிய குறை. இந்தக் கப்பல் எங்கே போனது, எத்தனை நாள் தாங்கியது என்பதையெல்லாம் முடிவு செய்தது நிலக்கரிதான். நான்கவுரிக்கு வந்ததும் அதற்காகத்தான். பிடிபட்ட கப்பலிலிருந்து கரியை மாலுமிகள் அந்த வெப்பத்தில் மூட்டை மூட்டையாகச் சுமந்தார்கள். கிடங்கு நிறைந்த பின் தளத்திலும் குவித்தார்கள். அந்த உழைப்பு தெரியாத மாதிரியில் வீரக்கதை மட்டுமே மிஞ்சுகிறது. அடுப்புக்கரியை இடித்து மெல்லிய துணியில் சலித்தால் குவியல் தயார். எபாக்சி புட்டியை 2 மில்லிமீட்டராக உருட்டினால் மூட்டைகள். தளத்தின் நிறம் கரித்தூளில் மங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில், கரிக்கப்பல் உரசிய இடங்களில் சாம்பல் பெயின்ட் உரிந்திருக்க வேண்டும். நீர்மட்டத்தில் பாசி அதிகம் வேண்டாம்: அக்டோபர் தொடக்கத்தில் டியேகோ கார்சியாவில் அடிப்பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தார்கள்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் கட்டுபவருக்கு வேறொரு தொல்லையும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில், ஈரக் காற்றில் அடித்த லாக்கர் பால்போல் வெளுத்துவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களே பெயின்ட் அடிக்க ஏற்றவை. முடித்த கப்பலைக் கண்ணாடிப் பெட்டியில் சிலிகா ஜெல்லோடு வைக்காவிட்டால் டெக்காலில் பூஞ்சை ஏறும்.

அடிப்பலகையில் கப்பலின் பெயரோடு இடமும் தேதியும் இருக்க வேண்டும். 14 நாள் கழித்து, நவம்பர் 9 அன்று, ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் குண்டுகளால் சிதைந்த எம்டன் வடக்குக் கீலிங் தீவில் தரைதட்டியது. பிரிக்காத எம்டன் கிட்டை அலமாரியில் வைத்திருப்பவர்கள், இவ்வளவு தொலைவுக்கு அதைக் கொண்டுவந்த கரியையும் கணக்கில் சேர்த்துக் கட்டட்டும்.