ஊசி போட்ட மாட்டுக்கும் கோமாரி வருவது ஏன்?

"ஊசி போட்டாச்சு தம்பி. அப்புறமும் மாடு வாயில கோழை வடிச்சிக்கிட்டு நொண்டுதே, இது என்ன மருந்து?" கெடாவின் சுங்கை லாலாங்கில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே ஒரு மாமா கேட்டார். ரப்பர் போய் செம்பனை வந்த பிறகும் மாட்டை விடாதவர் அவர். நியாயமான கேள்விதான்.

நமக்குக் கோமாரி ஒன்றே. கிருமியிலோ ஏழு வகை: ஓ, ஏ, சி, ஏசியா-1, ஆப்பிரிக்காவின் சாட் வகைகள் மூன்று. இதில் 'சி' 2004க்குப் பிறகு எங்கும் தென்படவில்லை. 'ஓ' வந்து பிழைத்த மாட்டை அடுத்த மாதமே 'ஏ' படுக்கவைக்கலாம். ஒன்றுக்கு உண்டான எதிர்ப்புச் சக்தி இன்னொன்றுக்கு உதவாது.

சிக்கல் அதோடு முடியவில்லை. 'ஓ' என்பதற்குள்ளேயே ஊருக்கு ஒரு கிளை இருக்கிறது. இந்தக் கிருமியின் மரபுச் சரம் சுமார் 8,400 எழுத்து நீளம். அது பெருகும்போது பிழை திருத்த ஆளில்லை. ஏட்டுச்சுவடியைப் பார்த்துப் பார்த்து எழுதியவர்கள் இடத்துக்கு இடம் பாடபேதம் உண்டாக்கியது போலத்தான். எந்தப் பிழை எந்தச் சுவடியில் இருக்கிறது என்று பார்த்தால் எது எதன் வழி வந்தது என்று சொல்லிவிடலாம். ஆய்வுக்கூடத்தில் மேலுறைப் புரதம் ஒன்றுக்குரிய சுமார் 640 எழுத்துகளை மட்டும் எடுத்து ஒப்பிடுகிறார்கள். 'ஓ' வகையில் ஏறக்குறைய 15 விழுக்காடு வேறுபட்டால் அது தனி வட்டாரக் கிளை.

வட்டாரம் என்றதும் அங்கேயே கட்டிப்போட்டது என்று நினைக்க வேண்டாம். 'இந்தியா-2001' என்று பெயர் வாங்கிய கிளை 2013இல் லிபியாவில் இருந்தது, 2015இல் லாவோஸ், வியட்நாமில். 1990இல் இந்தியாவில் முதலில் கண்ட 'பான்-ஏசியா' 2001இல் பிரிட்டனுக்குப் போனது; அங்கே 60 லட்சத்துக்கும் மேல் கால்நடைகளைக் கொன்றார்கள். மாட்டு வியாபாரம் போகிற வழியில் கிருமியும் போகிறது. கெடாவுக்கு அந்தப் பக்கம் தாய்லாந்து. ஹாஜிப் பெருநாள் நெருங்கினால் லாரிகளில் மாடுகள் ஊர் மாறும்.

தடுப்பூசி என்பது குறிப்பிட்ட கிளைகளைக் கொன்று செய்த மருந்து. சுற்றுகிற கிருமி அதிலிருந்து விலகிப்போனால் பாதுகாப்பு குறையும். ஊசி போட்ட மாட்டின் ரத்தநீர் புதுக் கிருமியை எவ்வளவு அடக்குகிறது என்று ஊசிக் கிருமியோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள்; அந்த விகிதம் 0.3க்குக் கீழே போனால் பொருத்தம் சந்தேகம்தான்.

ஆனால் எல்லாப் பழியையும் கிளை மேல் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் ஊசிக்குப் பிறகு சுமார் ஒரு மாதத்தில் இரண்டாவது போட்டாரா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்தாரா, மருந்து குளிர் குறையாமல் வந்ததா? மாமாவிடம் கேட்டேன். "ரெண்டாவது ஊசியா?" என்று கிளாஸைக் கீழே வைத்தார்.

இன்னொன்றும் கேட்டார்: பேரப்பிள்ளைக்கு ஒட்டுமா? பாலர் பள்ளிகளில் பரவும் கை, கால், வாய் நோயை நினைத்துத்தான் கேட்டார். அது வேறு கிருமி. அதற்கும் மாட்டுக்கும் சம்பந்தமில்லை.

எந்தக் கிளை என்று தெரிய வேண்டுமானால் கொப்புளம் புதிதாக இருக்கும்போதே கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். உடைந்த கொப்புளத்தின் தோல் துண்டில்தான் கிருமி நிறைய இருக்கும். மஞ்சளும் வேப்பிலையும் அந்தத் துண்டை ஆய்வுக்கு எடுத்த பிறகு பூசலாம்.