கசியும் பாட்டரியும் பழைய கணிப்பொறியும்

பெங்களூரு நகரில் 1898ஆம் ஆண்டில் பிளேக் நோய் பரவியதை அடுத்து விரைந்து வளர்ந்த குடியிருப்புகளுள் மல்லேஸ்வரம் ஒன்றாகும். 1909ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகம் இதனை அடுத்து அமைந்துள்ளது. அக்கழகத்தின் இயக்குநராக விளங்கிய சர் சி. வி. ராமன் அவர்களின் ‘பஞ்சவடி’ இல்லமும் இப்பகுதியைச் சேர்ந்ததே. விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இத்தகைய இடத்தில், 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வாங்கப்பெற்ற கணிப்பொறிகள் இன்னும் சில வீடுகளின் பரண்களில் இருப்பது வியப்பன்று. அவற்றைக் கீழே இறக்கி மின்சாரம் கொடுத்தவுடன் திரையில் ஒன்றும் தோன்றாவிடில், பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுத்துவிடுவதே பொது வழக்கம். பல சமயங்களில் இக்கேட்டிற்குக் காரணம், பலகையின் ஓரத்தில் பற்றவைக்கப்பட்டுள்ள விரற்பருமனான ஒரு பாட்டரியே.

இயந்திரம் போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அக்காலத்துச் சேமிப்புத் தட்டுகளுள் முந்திய வகையானவை, தமக்கென அமைந்த கட்டுப்பாட்டு அட்டையின்றி இயங்கமாட்டா. இன்றைய கணிப்பொறியில் அவற்றை நேரடியாக இணைக்கவும் இயலாது. இந்திய மொழிகளில் எழுதியவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் உருவான ‘ஜிஸ்ட்’ அட்டையைப் பொருத்தியே அந்நாளில் பலர் திரையில் தமிழையும் கன்னடத்தையும் கண்டனர். அவ்வாறு எழுதப்பட்ட பாடக் குறிப்போ ஆராய்ச்சிக் கட்டுரையோ ஒரு தட்டில் உறங்குமாயின், அதனை எழுதியவாறே மீண்டும் காண்பதற்கு அந்தப் பழைய பலகையே எளிய வழி.

பாட்டரி எதற்கு?

மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னரும் கணிப்பொறி நாளையும் மணியையும் மறவாதிருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. கணிப்பொறியில் இதற்கெனத் தனியான ஒரு கடிகாரச் சில்லு வைக்கப்பட்டது. விநாடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு சிறு படிகம் அதற்குத் தாளம் போடுகிறது. இவ்வெண்ணைத் தொடர்ந்து 15 முறை பாதியாக்கினால் ஒன்று கிடைக்கும் என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். விநாடி பிறப்பது அவ்வாறுதான். அச்சில்லில் இருந்த 64 பைட்டு நினைவகத்தில் கடிகாரத்திற்கு 14 போக, எஞ்சிய 50 பைட்டுகளில் சேமிப்புத் தட்டின் வகை முதலிய விவரங்கள் பதிவாயின. பாட்டரி தீர்ந்ததும் இவ்விவரங்கள் அழிகின்றன. இயந்திரம் தன் தட்டையே அடையாளம் காணாமல் நிற்கிறது. தட்டிலுள்ள செய்திகள் அழிந்துவிட்டன என்று அஞ்சுவோர் பலர். அவை அங்கேயே இருக்கின்றன. தட்டின் வகையை மீண்டும் சரியாகப் பதிந்தால் போதும்.

இம்மாதிரியைப் பின்பற்றிப் பிறர் தயாரித்த பலகைகளில் பெரும்பாலும் 3.6 வோல்ட் நிக்கல்–காட்மியம் பாட்டரி நேரடியாகப் பற்றவைக்கப்பட்டது. அமிகா 2000, அமிகா 500 பிளஸ் போன்ற அயல்நாட்டு வீட்டுக் கணிப்பொறிகளுக்கும் இதே விதிதான். நம் பள்ளிகளில் 1984ஆம் ஆண்டுத் திட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பி.பி.சி. மைக்ரோ இயந்திரங்களில் இத்தகைய பாட்டரி இல்லை. அவற்றின் நோய் வேறு: மின்வழங்கும் பெட்டியிலுள்ள காகித மின்தேக்கியின் உறை வெடித்து, ஈரம் புகுந்து, ஒருநாள் புகை கக்கும். அப்பெட்டியில் 230 வோல்ட் மின்சாரம் புழங்குவதால், பயிற்சி பெறாதார் அதனைத் திறத்தல் ஆகாது.

காரம் ஊரும் விதம்

நிக்கல்–காட்மியம் மின்கலத்தை ஸ்வீடன் நாட்டு யுங்னர் 1899ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். மின்கலம் ஒன்றின் அழுத்தம் 1.2 வோல்ட், மூன்றை வரிசையாக இணைத்தால் 3.6 வோல்ட். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைடிராக்ஸைடு என்னும் கடுங்காரக் கரைசல். இயந்திரம் பயன்படாமல் கிடக்கும்போது கடிகாரம் மட்டும் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மூன்றனுள் வலுக்குன்றிய மின்கலம் முதலில் காலியாகிறது. மற்ற இரண்டும் அதன் வழியே மின்சாரத்தைச் செலுத்த, அது தலைகீழாக மின்னேற்றம் பெறுகிறது. அப்போது உள்ளே வாயு உண்டாகி அழுத்தம் பெருகி, மூடியின் அடைப்பு இளகுகிறது. அடைப்புக் கெடாத பாட்டரியிலும் ஆண்டுகள் செல்லச் செல்லக் காரம் எதிர்முனைக் கம்பியைப் பற்றிக்கொண்டு மெல்ல வெளியே ஊரும் இயல்புடையது.

பலகையை அடைந்த காரம் ஓரிடத்தில் தங்குவதில்லை. பச்சைப் பூச்சின் அடியிற் புகுந்து செம்புத் தடங்களைத் தின்கிறது. ஒரு தடத்தின் கனம் சாதாரணமாக 0.035 மில்லிமீட்டரே ஆதலின் அது அறுந்துபோக நெடுங்காலம் வேண்டுவதில்லை. பற்றவைத்த ஈயம் பளபளப்பிழந்து சாம்பல் நிறம் அடையும். சில்லுகளின் கால்கள் கறுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் காரம் கூடி வெண்ணிற உப்பாகப் பூக்கும். செம்பு கரைந்த இடம் நீலமும் பச்சையுமாகத் தோன்றும். விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சில்லு பெரும்பாலும் பாட்டரிக்கு அண்மையில் இருப்பதால், விசைகள் வேலை செய்யாமையே பல இயந்திரங்களில் முதல் அறிகுறி. பரணில் மழைக்கால ஈரமும் சேருமாயின் கேடு விரைவுபடும்.

பழுது நீக்கும் முறை

கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்தே தொடங்குதல் வேண்டும். காட்மியம் நச்சு உலோகம்; அதன் தூளைச் சுவாசித்தல் ஆகாது. ஆதலால் உலர்ந்த நிலையில் எதனையும் சுரண்டுதல் கூடாது. பலகையைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்வது பின்னர் மிகவும் பயன்படும். அடுத்துப் பாட்டரியின் இரு கால்களையும் வெட்டுக்குறட்டினால் துண்டித்து நீக்கலாம். பிடுங்கினால் தடங்களும் உடன் பெயர்ந்துவிடும். கசியாததுபோல் தோன்றும் பாட்டரியையும் நீக்கிவிடுவதே நன்று.

கசிந்தது காரமாதலின் அதனை முறிக்க மென்மையான அமிலம் வேண்டும். சமையலுக்குப் பயன்படும் வினிகர் போதுமானது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை நீரில் கரைத்தும் பயன்படுத்தலாம். எலுமிச்சம் பழச்சாறு ஏற்றதன்று. அதிலுள்ள சர்க்கரை பிசுபிசுப்பாகப் படிந்துவிடும். பழைய பல் துலக்கியால் தடவும்போது நுரை எழும்; வெண்ணிற உப்பிலிருந்து கரியமில வாயு வெளியேறுவதே அந்நுரை. நுரை அடங்கியதும் உடனே கழுவிவிட வேண்டும், ஏனெனில் எஞ்சிய அமிலமும் செம்பை அரிக்கும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்பு மிகுதி. இன்வெர்ட்டர் பாட்டரிக்கென விற்கப்படும் காய்ச்சி வடித்த நீரே உகந்தது. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்தலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. சில ஆப்பிள் மாக்கின்டாஷ் இயந்திரங்களில் இருந்தது லித்தியம் மின்கலம். தயோனைல் குளோரைடு அடங்கிய வகையானால் கசிவது அமிலத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடாக் கரைசலே மாற்று. பாட்டரியின் மேலுள்ள எழுத்துகளைப் படிக்காமல் வினிகரை ஊற்றுவது கேட்டைப் பெருக்கும்.

பொறுமையைச் சோதிக்கும் வேலை இனித்தான் வருகிறது. பொருத்தியில் செருகப்பட்டுள்ள சில்லுகளைக் கழற்ற வேண்டும். பொருத்திகளின் உள்ளே காரம் பதுங்கியிருக்கும், கறுத்தவற்றை மாற்றிவிடுவதே முறை. கெட்ட ஈயம் சூட்டுக்கோலுக்கு எளிதில் உருகாது. புதிய ஈயத்தையும் ரோசின் என்னும் பைன் மரப்பிசினையும் சேர்த்து இளக்கிப் பின் உறிஞ்சி எடுக்கலாம். குழாய் வேலைக்கான அமிலப் பசையை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. பின்னர் ஒவ்வொரு தடத்தின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து இணைப்பு உள்ளதா என்று பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு முழுமையாகத் தோன்றும் தடமும், பலகையின் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் செல்லும் துளையினுள் அறுந்திருக்கலாம். அறுந்தவற்றை மெல்லிய வார்னிஷ் பூசிய கம்பியால் இணைக்கலாம். வேண்டிய கம்பி, பொருத்தி, சில்லு முதலியவற்றை நகரின் எஸ்.பி. சாலைக் கடைகளில் தேடிப் பெறலாம்.

புதிய பாட்டரியைப் பழைய இடத்தில் பற்றவைத்தல் அதே நோயை மீண்டும் அழைப்பதாகும். மூன்று சாதாரண 1.5 வோல்ட் மின்கலங்களை ஒரு தாங்கியில் இட்டு, நீண்ட கம்பியால் பலகைக்கு அப்பால் வைப்பது நலம். பல பலகைகளில் இதற்கெனவே நான்கு ஊசிகள் கொண்ட இணைப்பு உண்டு. பாட்டரி இருந்த முனைகளிலேயே இணைப்பதாயின், இடையே ஒரு டயோடு கட்டாயம் வேண்டும், அதன் கோடிட்ட முனை பலகையை நோக்கி இருக்குமாறு. ஏனெனில் அப்பலகை மின்னேற்றம் செய்யும் வழக்கமுடையது. மின்னேற்றத்தக்கதல்லாத மின்கலம் அதனால் வெடிக்கக்கூடும். நீக்கிய பழைய பாட்டரியைக் குப்பையில் எறியாமல், 2022ஆம் ஆண்டு பாட்டரிக் கழிவு விதிகளுக்கு இணங்கச் சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

மின்சாரம் கொடுக்குமுன் 5 வோல்ட் தடத்திற்கும் தரைத்தடத்திற்கும் இடையே குறுக்கிணைப்பு இல்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதி செய்துகொள்ளலாம். முதன்முறை சேமிப்புத் தட்டை இணையாமலே இயக்கிப் பார்ப்பது அறிவுடைமை; பலகை பிழைத்து எழுந்ததை ஒலிபெருக்கியின் ஒற்றைக் ‘கீச்’ ஒலி அறிவிக்கும். தட்டின் வகையை அதன் மேலுள்ள சீட்டைப் பார்த்துப் பதிந்த பிறகே அதனை இணைக்க வேண்டும். தட்டு சுழலத் தொடங்கியதும் செய்யத்தக்க முதல் வேலை, அதிலுள்ள கோப்புகளை வேறோர் இடத்திற்குப் படியெடுத்துவிடுவது. விசைப்பலகையின் எஞ்சிய கோளாறுகளையும் கடிகாரத்தின் பிழையையும் அதன் பின்னர் ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.