பெல்ட்டுக்கும் புல்லிக்கும் பொருத்தம் வேண்டும்!
பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் உயிர் ஒரு ரப்பர் வளையத்தில்!

அழகான கார். மேல்மூடியைத் திறந்துவிட்டுக் காற்றோட்டமாகப் போகலாம். இரண்டு பேர் உட்காரலாம். மணிக்கு 100 மைலுக்கு மேல் பறக்கும்.

அந்தக் காரை நடுவழியில் நிறுத்திவிட ஒரு சின்ன ரப்பர் பெல்ட் போதும்!

பெல்ட்டின் விலை சொற்பம். அது அறுந்தால் வரும் செலவோ பெரிது. என்ஜினே பாழாகிவிடலாம்.

அது எப்படி? பார்ப்போம்.

5 லட்சம் கார்கள்

இங்கிலாந்து நாட்டில் ஆக்ஸ்போர்டு நகரத்துக்கு அருகே ஆபிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் 1962-ம் ஆண்டு ஒரு புதிய கார் பிறந்தது. அதன் பெயர் எம்.ஜி.பி.

1980-ம் ஆண்டு வரை அந்தக் கார் தயாரானது. மொத்தம் 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள்! அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது.

தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டுவிட்டது. கார்கள் மட்டும் இன்னமும் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் குழந்தையைப்போல் பேணுகிறார்கள். தாங்களே ஸ்பானர் எடுத்துப் பழுது பார்க்கிறார்கள்.

அவர்களை அடிக்கடி ஏமாற்றுவது எது தெரியுமா? என்ஜினின் முன்பக்கத்தில் ஓடும் அந்தப் பெல்ட்தான்!

ஒரு பெல்ட், மூன்று வேலை

காரின் முன்மூடியைத் தூக்கினால் ரேடியேட்டருக்குப் பின்னால் மூன்று சக்கரங்கள் தெரியும். ஓரத்தில் பள்ளம் வெட்டிய சக்கரங்கள். பட்டறைகளில் இவற்றைப் "புல்லி" என்பார்கள்.

கீழே இருப்பது என்ஜினோடு சுற்றும் புல்லி. அதற்கு மேலே இருப்பது தண்ணீர் பம்பின் புல்லி. விசிறியும் அதில்தான் மாட்டியிருக்கும். பக்கத்தில் இருப்பது மின்சாரம் உண்டாக்கும் டைனமோவின் புல்லி.

இந்த மூன்றையும் சுற்றி ஒரே பெல்ட் ஓடுகிறது. கீழ்ப் புல்லி சுற்றினால் பெல்ட் ஓடும். பெல்ட் ஓடினால் தண்ணீர் சுழலும். விசிறி காற்று இழுக்கும். பேட்டரிக்கு மின்சாரம் ஏறும்.

பெல்ட் அறுந்தால்? மூன்றும் ஒரே நொடியில் நின்றுவிடும்! காரின் முன்பலகையில் சிவப்பு விளக்கு எரியும். வெப்பமானியின் முள் ஏறும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் தண்ணீர் கொதிக்கும். என்ஜின் தலைப்பாகம் வளைந்து கேஸ்கெட் போய்விடும்.

காலுறை செய்த உதவி

வழியில் பெல்ட் அறுந்தால் என்ன செய்வது? பெண்கள் அணியும் நீண்ட நைலான் காலுறையை முறுக்கிப் புல்லிகளைச் சுற்றி இறுகக் கட்டுவார்கள். மெதுவாக ஓட்டிப் பக்கத்துப் பட்டறைக்குப் போய்ச் சேருவார்கள். மேல்நாட்டு மோட்டார்காரர்களிடையே இது பிரபலமான யுக்தி!

அது கொஞ்ச தூரத்துக்குத்தான் தாங்கும். கார் நிரந்தரமாக ஓட வேண்டுமானால் சரியான பெல்ட் வேண்டும். பெல்ட்டும் புல்லியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். இதற்கு நான்கு பொருத்தம் பார்த்தால் போதும்!

முதல் பொருத்தம்: அகலம்

இந்தப் பெல்ட் தட்டையாக இருக்காது. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் ஆப்புபோல இருக்கும். புல்லியின் பள்ளமும் அதேபோல் சரிவாக இருக்கும்.

பெல்ட் பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவர்களைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அடியைத் தொடவே கூடாது. சுவர்களுக்கிடையே ஆப்புபோல இறுகுவதால், தட்டையான பெல்ட்டைவிட ஏறக்குறைய 3 மடங்கு பிடிப்பு கிடைக்கிறது.

பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் அகன்ற பெல்ட் இருந்தது. பின்னால் வந்த கார்களில் ஒடுங்கிய பெல்ட் வந்தது. அகன்ற பள்ளத்தில் ஒடுங்கிய பெல்ட்டைப் போட்டால் என்ன ஆகும்? அது அடியில் போய் உட்கார்ந்துவிடும். பிடிப்பு போய்விடும். வழுக்கும். கிறீச்சென்று கத்தும்!

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பள்ளத்தின் அடிப்பாகம் பளபளவென்று மின்னினால், பெல்ட் அங்கே உரசுகிறது என்று அர்த்தம். பெல்ட்டின் மேல்முகம் புல்லியின் விளிம்போடு ஏறக்குறைய சமமாக நின்றால் நல்லது.

இரண்டாம் பொருத்தம்: நேர்கோடு

மூன்று புல்லிகளின் பள்ளங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருந்தால் பெல்ட் கோணலாக ஓடும். ஒரு பக்கம் மட்டும் தேயும். சில சமயம் கழன்று விழுந்துவிடும்.

நேரான இரும்புச் சட்டத்தைப் புல்லிகளின் மேல் வைத்துப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். விளிம்புகளின் கனம் வேறு வேறாக இருக்கலாம். ஆகவே பள்ளத்தின் நடுவைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பொருத்தம்: சுற்றும் வேகம்

இங்கே ஒரு சின்னக் கணக்கு!

உதாரணமாக, என்ஜின் புல்லி 6 அங்குலம் என்று வையுங்கள். டைனமோ புல்லி 3 அங்குலம். என்ஜின் ஒரு சுற்று சுற்றினால் டைனமோ 2 சுற்று சுற்றும். என்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடினால் டைனமோ 10,000 சுற்று!

3 அங்குலத்துக்குப் பதில் 2 அங்குலப் புல்லியை மாட்டினால்? 15,000 சுற்று! அந்த வேகத்தைத் தாங்காமல் டைனமோவின் உள்ளே சுற்றியிருக்கும் செப்புக் கம்பிகள் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

புல்லி பெரிதாகிவிட்டாலும் தொல்லைதான். டைனமோ மெதுவாகச் சுற்றும். பேட்டரியில் மின்சாரம் ஏறாது.

1967-ம் ஆண்டின் இறுதியில் எம்.ஜி.பி. காரில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. டைனமோ தந்தது 22 ஆம்பியர். புதியது தந்தது 34 ஆம்பியர். அது அதிக வேகத்தையும் தாங்கும். ஆகவே அதற்குச் சிறிய புல்லி ஏற்றது.

பழைய காருக்கு ஆல்டர்னேட்டர் மாட்டுகிறவர்கள் இன்று பலர். மின்சாரக் கம்பிகளைக் கவனமாக மாற்றுவார்கள். புல்லியை மறந்துவிடுவார்கள்! ஒரு புல்லி அகலம், மற்றொன்று ஒடுக்கம் என்று ஆகிவிடும். பெல்ட்டின் நீளமும் மாறிவிடும்.

நாலாம் பொருத்தம்: இறுக்கம்

முதல் மூன்றும் சரியானபின்தான் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். பலர் இதை முதலில் செய்கிறார்கள். அங்கேதான் நஷ்டம்!

பெல்ட் கத்துகிறதா? இறுக்கு! மறுபடியும் கத்துகிறதா? இன்னும் இறுக்கு! இப்படியே இறுக்கினால் சத்தம் சில நாள் அடங்கும். தண்ணீர் பம்பின் பேரிங் தேய்ந்துவிடும். பம்பிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பிக்கும். பெல்ட்டை மிச்சம் பிடிக்கப் போய் பம்பையே இழக்க நேரும்!

சரியான இறுக்கம் எவ்வளவு? இரண்டு புல்லிகளுக்கு இடையே பெல்ட் நீளமாக ஓடும் இடத்தில் விரலால் அழுத்த வேண்டும். அரை அங்குலம் அசைந்தால் சரி.

டைனமோவைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். டைனமோவை என்ஜினை விட்டுக் கையால் விலக்கி இழுத்து, மறுபடியும் முடுக்க வேண்டும். புது பெல்ட் கொஞ்சம் நீளும். சில நாள் ஓட்டியபின் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

ஜாக்கிரதை!

என்ஜின் ஓடும்போது பெல்ட்டின் பக்கம் விரலைக் கொண்டுபோகக் கூடாது. தொங்கும் துணி, கழுத்துப்பட்டை எதுவும் அருகே போகக் கூடாது. மின்சார விசிறி உள்ள கார்களில் என்ஜினை நிறுத்திய பிறகும் விசிறி திடீரென்று சுற்றக்கூடும்.

முன்விளக்கைப் போட்டதும் பெல்ட் கத்துகிறதா? டைனமோவுக்குச் சுமை ஏறியதால் பெல்ட் வழுக்குகிறது. அது பெல்ட் விடுக்கும் எச்சரிக்கை!

அப்போது ஸ்பானரை எடுக்குமுன் கண்ணால் பாருங்கள். அகலம் பொருந்துகிறதா? நேர்கோட்டில் ஓடுகிறதா? அளவு சரியா? பிறகு இறுக்குங்கள்.

பொருத்தம் சரியாக இருந்தால் பெல்ட் சத்தமே போடாது. காரும் வழியில் நிற்காது!