உள்ளதைச் சொல்வோம், மனம் நோகாமல் சொல்வோம்



சரக்கின் தரம் பார்க்க நமக்குத் தெரியும். மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்த ஒரு பிடிப் பருப்பை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே விலை பேசிவிடுவோம். ஆனால் நம் கடைக்குள் நாள் முழுவதும் நடக்கும் பேச்சின் தரத்தை நாம் பார்ப்பதில்லை. எடை போடுபவரிடம், பொட்டலம் கட்டும் தம்பியிடம், கணக்கு எழுதுபவரிடம், சரக்கு கொண்டுவரும் விற்பனைப் பிரதிநிதியிடம் நாம் என்ன பேசுகிறோம், எப்படிப் பேசுகிறோம் என்பதிலும் லாப நட்டம் இருக்கிறது.

இதில் இரண்டு வகைத் தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. சிலர், "சொன்னால் வருத்தப்படுவானே" என்று உண்மையைச் சொல்லாமலேயே காலம் தள்ளுகிறார்கள். வேறு சிலர், நாலு பேர் முன்னிலையில் வெடுக்கென்று பேசிவிட்டு, "எனக்கு மனதில் ஒன்றும் கிடையாது, வெளிப்படையாகப் பேசிவிடுவேன்" என்கிறார்கள். முன்னவர் கடையில் உண்மை வெளியே வருவதில்லை. பின்னவர் கடையில் ஆள் தங்குவதில்லை. திருவள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் வைத்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்று அவர் கூறவில்லை.

கெட்ட செய்தி ஏன் நம்மிடம் வருவதில்லை?

ஒரு சிறு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். பின்கட்டில் அடுக்கியிருக்கும் பாசிப்பயறு மூட்டை ஒன்றில் வண்டு இருப்பதைக் கடைத் தம்பி பார்க்கிறான். பயறு வண்டு பயறின் மேல்தோலிலேயே முட்டை இடும். குஞ்சுப் புழு உள்ளே துளைத்துச் சென்று வளர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வண்டாக வெளியே வந்துவிடும். முதல் நாளே தெரிந்தால் ஒரு மூட்டையைத் தனியே எடுத்துப் புடைத்து, வெயிலில் காயவைத்து, மற்றவற்றைக் காப்பாற்றிவிடலாம். ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் பக்கத்திலுள்ள தட்டைப்பயறும் மொச்சையும்கூடக் கெட்டிருக்கும்.

அந்தத் தம்பி நம்மிடம் வந்து சொல்வானா, மாட்டானா? சென்ற முறை எண்ணெய்ப் பாட்டில் உடைந்தபோது நாம் என்ன பேசினோம் என்பதைப் பொறுத்தது அது. "கண்ணை எங்கே வைத்திருந்தாய்? உன்னை வேலைக்கு வைத்தது என் தப்பு" என்று வாடிக்கையாளர் முன்னிலையில் கத்தியிருந்தால், அவன் வண்டைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவான். சொன்னால் திட்டு விழும், சொல்லாவிட்டால் விழாது என்ற பாடத்தை நாமே அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம். பாட்டில் ஒன்றின் விலைக்காகக் கோபப்பட்டு, மூட்டைகளை இழக்கிறோம்.

தேதி முடியும் பொட்டலங்களின் கதையும் இதுவே. காலாவதியான உணவுப் பொருளை விற்பது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி குற்றம். அலமாரியில் பின்வரிசையில் தேதி நெருங்கிக் கிடக்கும் பிஸ்கட்டையும் மசாலாப் பொட்டலத்தையும் முதலில் பார்ப்பவர் முதலாளி அல்லர், அடுக்கிவைக்கும் பணியாளர்தான். அவர் வாய் திறந்தால், பிரதிநிதியிடம் பேசி மாற்றிக்கொள்ள முயலலாம். அவர் வாய் மூடியிருந்தால், ஒரு நாள் வாடிக்கையாளரோ உணவுப் பாதுகாப்பு அலுவலரோ அதைக் கையில் எடுத்துக் காட்டுவார்.

பெரிய இடங்கள் கண்டறிந்த உண்மை

இது சிறு கடைகளுக்கு மட்டும் உரிய சங்கதி அன்று. ஜப்பானின் டொயோட்டா கார் ஆலைகளில், வேலை ஓடிக்கொண்டிருக்கும் வரிசையில் எந்தத் தொழிலாளியும் ஒரு குறையைக் கண்டால் இழுப்பதற்கென்று கயிறு ஒன்று தொங்கவிட்டார்கள். இழுத்ததும் விளக்கு எரியும். குழுத் தலைவர் ஓடிவருவார். அதற்குள் குறை தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். வேலை நின்றால் நட்டம்தான். ஆனாலும் கயிற்றை இழுத்தவரை அங்கே குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. குறையோடு கூடிய கார் வெளியே போவதைவிட, இங்கே சற்று நிற்பது மலிவு என்பது அவர்கள் கணக்கு.

அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைகளில் நோயாளிக்கு மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல தலைமையும் நல்ல ஒற்றுமையும் உள்ள குழுக்களில் தவறுகள் குறைவாகப் பதிவாகியிருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. பதிவேட்டில் கண்டதோ நேர்மாறு. நல்ல குழுக்களில்தான் கூடுதலான தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் கூடுதலாகத் தவறு செய்தார்கள் என்பது அதன் பொருள் அன்று. அஞ்சாமல் எடுத்துச் சொன்னார்கள் என்பதே. மற்ற இடங்களில் தவறு நடந்தும் வெளியே வரவில்லை.

ஆகவே, "என் கடையில் ஒரு தப்பும் நடக்காது, யாரும் ஒன்றும் சொன்னதில்லை" என்று ஒருவர் பெருமைப்பட்டால், நடக்கவில்லையா அல்லது சொல்லவில்லையா என்பதை அவர் ஒரு முறை யோசித்துப் பார்ப்பது நல்லது.

கல்லாவில் பணம் குறைந்தால்

நம் தொழிலில் பேச்சுக்கு வரும் பெரிய சோதனை இதுதான். இரவு எண்ணும்போது கல்லாவில் 640 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வாயில் வருவது, "யார் எடுத்தது?" என்ற கேள்வி. அந்தக் கேள்வியில் தீர்ப்பும் சேர்ந்தே இருக்கிறது.

பணம் குறைவதற்குக் களவு தவிர எத்தனையோ காரணங்கள் உண்டு. வாடிக்கையாளர் செல்பேசியில் செலுத்திய தொகையை ரொக்க விற்பனை என்று சிட்டையில் குறித்திருக்கலாம். கடனாகக் கொடுத்த சரக்கைக் கடன் நோட்டில் எழுத மறந்திருக்கலாம். கூட்ட நேரத்தில் 100 ரூபாய் வாங்கிக்கொண்டு 200-க்குச் சில்லறை கொடுத்திருக்கலாம். பால்காரருக்கும் சுமை இறக்கியவருக்கும் முதலாளியே கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். போலித் திரைப்படம் ஒன்றைச் செல்பேசியில் காட்டிவிட்டு ஒருவர் பணம் செலுத்தாமலே போயிருக்கவும் கூடும்.

எனவே முதலில் எண்ண வேண்டும்; பிறகு சிட்டை, பிறகு கடன் நோட்டு, பிறகு செல்பேசிக் கணக்கு. இவற்றைப் பார்த்த பிறகே ஆளைக் கேட்க வேண்டும். கேட்கும்போது, "தம்பி, இன்று 640 ரூபாய் குறைகிறது. நானும் காலையில் இரண்டு தரம் கல்லாவைத் திறந்தேன். உனக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா, சேர்ந்து பார்ப்போம்" என்று கேட்கலாம். குறைவது குறைகிறது என்று இதில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டோம். யாரையும் திருடன் ஆக்கவும் இல்லை.

எடுத்தது ஒருவர்தான் என்று ஐயமின்றித் தெரிந்தால், அதையும் அவரிடம் தனியே, நேராகச் சொல்ல வேண்டும். தெருவில் நிறுத்தி அவமானப்படுத்துவதும் கை ஓங்குவதும் கூடாது. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. பணியாளருடைய அலட்சியத்தால் நேர்ந்த இழப்பைச் சம்பளத்தில் பிடிப்பதானாலும், அவர் தரப்பு விளக்கத்தைக் கூற வாய்ப்பு அளித்த பிறகே பிடிக்கலாம் என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் கூறியது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையே கூறுகிறது. கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதே என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்து வழக்கமும்தானே!

நாம் சொல்லாமல் விடும் உண்மைகள்

பணியாளர் உண்மை பேச வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், அவரிடம் உண்மை பேசுகிறோமா? சம்பள உயர்வு கேட்டால், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்கிறோம். தீபாவளிக்குக் கேட்டால் பொங்கலுக்கு என்கிறோம்; பொங்கலுக்குக் கேட்டால் சித்திரைக்கு என்கிறோம். இது கனிவான பேச்சுபோல் தோன்றினாலும், இதை நம்பி அவர் சீட்டுப் போட்டிருப்பார், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருப்பார். "இந்த வருஷம் வாடகை ஏறிவிட்டது, வியாபாரம் குறைந்துவிட்டது. என்னால் இப்போது கூட்ட முடியாது. ஆடி கழிந்து கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொன்னால் அன்றைக்கு அவர் முகம் வாடும். ஆனால் தம் வீட்டுக் கணக்கை அவர் சரியாகப் போட்டுக்கொள்ள முடியும். சொன்ன நாளில் சொன்னபடி பேசவும் வேண்டும்.

வேலை சரியில்லாத ஒருவரிடமும் அப்படித்தான். எடையில் கை தடுமாறுகிறது, சில்லறை கொடுப்பதில் கணக்குத் தவறுகிறது என்றால், முதல் வாரத்திலேயே சொல்லிக் காட்டித் தர வேண்டும். இரண்டு வருஷம் மனதுக்குள் பொருமிவிட்டு ஒரு நாள், "நாளை முதல் வரவேண்டாம்" என்பது இரக்கம் அன்று. திருந்த வாய்ப்பே கொடுக்காமல் வெளியே அனுப்புவது அது.

கால் வலிக்கிறது என்று சொல்ல முடியாதவர்கள்

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் ஜவுளிக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், நாள் முழுவதும் உட்காராமல் நிற்க வேண்டியிருந்ததை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் பி. விஜி என்பவர் குறிப்பிடத்தக்கவர். அதன் பலனாக 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. நம் தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலையின் ஊடே வாய்ப்புக் கிடைக்கும்போது பணியாளர் உட்கார, கடையில் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது.

இதில் நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, கால் வலிக்கிறது, ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளட்டுமா?" என்பது எளிய பேச்சு. ஒரு ஸ்டூலின் விலையில் தீரக்கூடிய அந்தப் பேச்சை முதலாளியிடம் பேச முடியாத நிலை கடைகளில் இருந்ததால்தான், அது போராட்டமாகி, சட்டமன்றம்வரை சென்று சட்டமாகி வந்தது. இருக்கை போட்ட பிறகும், உட்கார்ந்தவரை முறைத்துப் பார்த்தால் அந்தச் சட்டம் நம் கடைக்குள் வரவில்லை என்றே பொருள்.

பொய் சொல்லப் பழக்காதீர்கள்

மொத்த வியாபாரியின் ஆள் வசூலுக்கு வருகிறார். கையில் பணம் இல்லை. "முதலாளி வெளியூர் போயிருக்கிறார்னு சொல்லுடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு நாம் பின்கட்டில் நிற்கிறோம். அன்றைய தொல்லை தீர்ந்தது. ஆனால் சங்கடம் வந்தால் பொய் சொல்லலாம் என்ற பயிற்சியை நாமே சம்பளம் கொடுத்து அளித்துவிட்டோம். அதே தம்பி நாளை நம்மிடம் ஒன்றை மறைத்தால், அதை அவன் வேறெங்கும் கற்கவில்லை.

அதற்குப் பதிலாக வசூல் நாளுக்கு முந்தைய நாளே பேசிவிடலாம். "அண்ணாச்சி, நாளைக்கு முழுத் தொகை தர முடியாது. 18,000 பாக்கியில் 6,000 நாளைக்குத் தருகிறேன். மீதி அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி என்று இரண்டு தவணை" என்று தொகையும் நாளும் சொன்னால், மொத்த வியாபாரி தம் கொள்முதலைத் திட்டமிட்டுக்கொள்வார். மொத்த வியாபாரிகளும், கடைக்காரரின் பாக்கியை அவருடைய வாடிக்கையாளர் காதில் விழக் கேட்கக் கூடாது என்று தம் வசூல் ஆட்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அது கடைக்காரரின் நாணயத்தையே கெடுத்துவிடும்.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

1. குறையைப் பற்றிப் பேசுக. ஆளைப் பற்றிப் பேசாதீர். "மூட்டை ஈரத் தரையில் இருக்கிறது, பலகை மேல் ஏற்று" என்றால் வேலை நடக்கும். "நீ எப்பவும் இப்படித்தான்" என்றால் மனம்தான் கசக்கும்.

2. பாராட்டு நாலு பேர் முன்னிலையில் இருக்கலாம். கண்டிப்பு தனியே இருக்கட்டும். வாடிக்கையாளர் எதிரில் ஒருவரையும் திட்ட வேண்டாம்.

3. கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு முதல் வார்த்தையாக, "வந்து சொன்னது நல்லது" என்று கூறுக. காரணம் கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்க.

4. கோபம் வந்தால், பேச்சைக் கடை அடைக்கும் நேரத்துக்கு ஒத்திவைக்கவும். ஆனால் மறுநாளைக்குத் தள்ள வேண்டாம்; தள்ளினால் சொல்லாமலே போய்விடும்.

5. தவறு நம்முடையது என்று தெரிந்தால், அதைப் பணியாளரிடமே சொல்லிவிடுக. முதலாளி என்ற மதிப்பு அதனால் குறையாது.

கடை அடைக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, "இன்று என்ன உடைந்தது, எது கெட்டது, எந்தச் சரக்கு தேதி நெருங்குகிறது?" என்று கேட்கும் வழக்கத்தை இந்த வாரமே தொடங்கலாம். முதல் சில நாள் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நாம் கோபப்படுகிறோமா என்று பார்ப்பார்கள். ஒருவர் துணிந்து ஒரு குறையைச் சொன்ன அன்று நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தே மற்றவர்கள் பேசுவதும் பேசாதிருப்பதும் அமையும். அந்த ஒரு நாளில் நிதானமாக இருக்குமாறு உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.